முதலில் ஒரு பிளாங்க்

அந்த வீட்டு டீயில் சோப்பு வாசம் அடிக்கிறது என்பது பதினோரு வருஷமாகக் குடியிருப்புக்கே தெரிந்த சங்கதி. தெரியாமல் எப்படி இருக்கும்? வீட்டு மாமியாருக்கு நாலு மாடியும் சேர்ந்து வைத்த பெயரே ரேடியோ. காலை ஆறரைக்கு மாடிப்படியில் ஒலிபரப்பு ஆரம்பித்தால், ஏறுகிறவர் இறங்குகிறவர் யாரையும் விட்டுவைக்காது.

"என் மருமக போடுற டீயைக் குடிச்சுப் பாருங்க. வயித்துக்குள்ள துணி துவைச்சு அலசாம விட்ட மாதிரி இருக்கும்."

மருமகள் பதில் பேச மாட்டாள். பேச நேரமும் கிடையாது. எட்டரைக்குள் பல்கலைக்கழகத்தில் இருந்தாக வேண்டும். அங்கே அவளுக்குப் பெயர் மிஷினக்கா. அந்தப் பெயர் எப்படியோ பஸ் ஏறிக் குடியிருப்புக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் பதினோரு டிபார்ட்மென்ட். எதில் என்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற மிஷின் ஒன்றே ஒன்று. அதனால் அதைப் பொதுவில், நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் அடித்தளத்தில், ஒரு பெரிய அறையில் வைத்திருந்தார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். கதவைச் சட்டென்று சாத்த வேண்டும். உள்ளே எப்போதும் ஒரே குளிர். வெளியே தார் உருகுகிற வெயிலில் கூட மிஷினக்கா ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருப்பாள். மிஷின் ஓடும்வரை பம்ப் சத்தம் ஓயாது. அது நடுவில் நின்றால்தான் அவளுக்குப் படபடப்பு.

இலையோ மண்ணோ பாலோ பெயிண்டோ, எதுவானாலும் கரைத்து விரல் நுனி அளவுக் குப்பியில் அடைத்துக் கொண்டு வருவார்கள். மிஷின் அதில் ஒரு துளியை உறிஞ்சி, முடி மாதிரி மெல்லிய டியூப் வழியாகத் தள்ளும். திரையில் ஒரு கோடு ஊர்ந்து வரும். ஒன்றும் இல்லாதவரை கோடு படுத்தே கிடக்கும். ஏதாவது பொருள் வந்தால் துள்ளி எழுந்து நிற்கும். அதற்குப் பெயர் பீக். அந்த பீக்குக்காக வரிசையில் ஐந்து வாரம் காத்துக் கிடப்பார்கள், படித்தவர்கள் எல்லாம்.

வரிசையை ஆள்கிறவள் மிஷினக்கா. டிப்ளமோ படிப்புதான். ஆனால் பேராசிரியர்களே வாசலில் நின்று "அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொருவர் குப்பியை ஏற்றுவதற்கு முன்னும் மிஷினை நன்றாக அலசி, எதுவும் கலக்காத வெறும் சால்வென்டை, அதாவது கரைக்கிற திரவத்தை மட்டும், ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாள். அதுதான் பிளாங்க். கோடு படுத்தே கிடந்தால்தான் அடுத்த ஆள் உள்ளே. அலசி ஓட்டி முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் பிளாங்க் வேண்டாமே, பஸ் போயிடும்."

"பஸ் போனா அடுத்த பஸ் வரும். பிளாங்க் ஓட்டாம என் மிஷின்ல கை வைக்க உங்க அப்பா வந்தாலும் விட மாட்டேன்."

பால் டிபார்ட்மென்ட் தலைவரின் அப்பாவே ஒருநாள் நிஜமாக வந்தார், அவரும் ஓய்வுபெற்ற பேராசிரியர். அவரையும் நாற்பது நிமிஷம் ஸ்டூலில் உட்கார வைத்தாள் என்று இன்றைக்கும் பேச்சு.

அப்படிப்பட்டவள் ஓர் இடத்தில் வளைந்து கொடுத்தாள். அது எங்கே என்று கேட்க வேண்டுமா? சொந்த வீட்டில்தான்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி இறக்குகிற மனுஷன். வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் மேலே ஏறாது. அவனுடைய தங்கை, அதாவது மிஷினக்காவுக்கு நாத்தனார், அதே பல்கலைக்கழகத்தில் நாலு வருஷமாக ஆராய்ச்சி. பட்டம் இன்னும் வரவில்லை. ரேடியோவின் புண்ணியத்தில் குடியிருப்பு முழுக்க அவள் இப்போதே டாக்டரம்மா. தொழிற்சாலைச் சுவர் ஓரம், சாக்கடை நீரில் முளைக்கிற ஒரு களைச்செடிதான் அவள் ஆராய்ச்சி. ஆடு கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோகிற செடி.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் டாக்டரம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஸ்லாட் கிடைக்க ஐந்து வாரம் ஆகும், அதற்குள் இலை வாடிவிடும், கைடு மேடம் திட்டுகிறார் என்று.

மிஷினக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அழுவது யார் என்று சொல்ல முடியாதபடி இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

"பன்னெண்டு மணிக்கு மிஷினை நிறுத்திட்டு நான் சாப்பிடப் போவேன். ரெண்டு மணிக்குத்தான் அடுத்த ஆளு. ஒரு மணிக்கு உனக்கு வகுப்பு முடியுதுல்ல? வா. ஒரு மணி நேரத்துல நாலு இலை ஓட்டலாம்."

"பிளாங்க் ஓட்டினா நேரம் பத்தாதே அண்ணி?"

கத்தி ஒரு நொடி நின்றது. "காலைல நான் ஓட்டின பிளாங்க் இருக்குல்ல. அதையே வச்சுக்க."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தி மறுபடி வெங்காயத்தில் இறங்கியது.

எட்டு மதியம், முப்பத்திரண்டு இலை. ஒவ்வொன்றிலும் ஏழாவது நிமிஷத்தில் ஒரு பீக். எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள். கைடு மேடம் டாக்டரம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை வெளியூர் நிபுணர் குழு வருகிறது. அவர்கள் முன்னால் பேச வேண்டும். அவர்கள் தலையசைத்தால் தீசிஸ் முடிந்த மாதிரிதான்.

ரேடியோ முழு அலைவரிசையில் பாடியது.

"என் மக ஒரு பொருளைக் கண்டுபிடிச்சிட்டா. அதுக்கு எங்க குடும்பப் பேரையே வைக்கப் போறாங்க."

கீழ்த்தளத்துத் தையல்காரர் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி கேட்டார். "என்ன பொருளுங்க அது?"

"அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாததை எப்படிங்க கண்டுபிடிச்சாங்க?"

"கண்ணுக்குத் தெரியறதுன்னா நீயே கண்டுபிடிச்சிருப்பியே!"

தையல்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெடி செவ்வாய்க்கிழமை வெடித்தது. கொண்டு வந்தவன் மண்ணுக்காரன். முப்பத்தைந்து வயதாகியும் தீசிஸ் முடிக்காமல், சட்டைப்பையில் எப்போதும் மண் பொட்டலத்தோடு திரிகிறவன்.

"அக்கா, போன வியாழக்கிழமை டாக்டரம்மாவுக்குக் காய்ச்சல்னு மத்தியான ஸ்லாட்டை எனக்குக் கொடுத்தீங்கல்ல?"

"கொடுத்தேன். நன்றி சொல்ல இத்தனை நாளா உனக்கு?"

"நன்றி அப்புறம். இதைப் பாருங்க. மண்ணுல இது எங்கேருந்து முளைச்சுது?"

மிஷினக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். ஏழாவது நிமிஷம். அந்த பீக்கின் நெற்றி, தோள், லேசாக வலப்பக்கம் சாய்ந்து இறங்குகிற முதுகு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூன்று வாரமாக வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதைத்தானே விரித்து வைத்திருந்தார்கள்.

"அந்தத் தொழிற்சாலைச் சுவர் பக்கத்துல எடுத்த மண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது.

"இல்லக்கா. அம்பது அடி ஆழத்துல துளை போட்டு எடுத்தது. அங்க செடியும் இல்ல, செடியோட வேரும் இல்ல."

"சரி, வச்சுட்டுப் போ. பாத்துச் சொல்றேன்."

"பாத்துச் சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா சரிதான்" என்று போய்விட்டான். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைப் போட்டுக் குத்தியது.

அலமாரியிலிருந்து லாக்புக்கை எடுத்தாள். அதில் அவள் எழுதாதது இல்லை. கரண்ட் போனது, மழைச்சாரல் அடித்தது, யாரோ கதவை அரை நிமிஷம் திறந்து வைத்தது, எல்லாமே நேரத்தோடு இருக்கும். டாக்டரம்மாவின் முதல் மதியத்துக்கு முந்தின நாள் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'காலை 10.40. சால்வென்ட் டியூப்பில் விரிசல். ஸ்டோரில் இருந்த வேறு கம்பெனி டியூப்பைப் போட்டேன் (கம்பெனி, பேட்ச் நம்பர் கீழே). ஒழுகல் இல்லை. மிஷின் ஓடுகிறது.'

அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! கம்பெனி ஆள் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பதினோரு டிபார்ட்மென்டும் கையைப் பிசைந்தது. இருபதே நிமிஷத்தில் ஓட வைத்தாள்.

முப்பத்திரண்டு தாளையும் நாள்வாரியாக மேஜையில் பரப்பினாள். எட்டு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முதல் இலையின் பீக் உயரம். இரண்டாவது கொஞ்சம் குட்டை. மூன்றாவது அதைவிட. நாலாவது முழங்கால் உயரம். மறுநாள் முதல் இலை மறுபடி நெட்டை. எட்டு நாளும் அதே படிக்கட்டு. செடியின் உச்சி இலையை முதலில் ஏற்றுவதால் அப்படி என்று டாக்டரம்மா ஒரு காரணம் எழுதி வைத்திருந்தாள். நல்ல காரணம்தான். மண்ணுக்கு ஏது உச்சி?

விஷயம் விளங்கிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு மிஷின் நிற்கிறது. ஒரு மணி நேரம் சால்வென்ட் அந்தப் புது டியூப்புக்குள் அசையாமல் ஊறுகிறது. டியூப்பிலிருந்து ஏதோ கரைந்து இறங்குகிறது. ஒரு மணிக்கு முதலில் போகிற குப்பியோடு அதுவும் போகிறது. ஓட ஓடக் குறைகிறது. மற்ற எல்லோருக்கும் அவள் நாற்பது நிமிஷம் அலசிக் கொட்டிவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை. பிளாங்க் இல்லாமல் ஓடியது வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான். அவள் ஸ்லாட்டில் அப்படியே ஏறி, தெரியாத்தனமாக மாட்டிக்கொண்டது மண்ணுக்காரன்.

டியூப்பைக் கழற்றிக் குப்பையில் போட இரண்டு நிமிஷம். மண்ணுக்காரனிடம் 'குப்பி அழுக்கு' என்றால் நம்பிவிடுவான். நீங்க சொன்னா சரிதான் என்று போனவன் ஆயிற்றே. மிஷினக்கா ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. லாக்புக்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தான் நனைந்து அதை நனையவிடாமல் கொண்டு வந்து சேர்த்தாள். ரேடியோ கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மருமகள் கழுவினால் கறை போகாது என்று அந்த ஒரு வேலையை மட்டும் அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை. மேஜையில் டாக்டரம்மா வெள்ளிக்கிழமைப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தாள். லிஃப்டுக்காரன் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான்.

மிஷினக்கா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். சொல்லி முடிக்கும்வரை டாக்டரம்மா பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ முப்பத்திரண்டு இலையும் பொய்யா அண்ணி?"

"இலை பொய் சொல்லல. டியூப் குறுக்கே பேசியிருக்கு."

"வெள்ளிக்கிழமை எனக்குப் பேச்சு. இன்னிக்கு வந்து சொல்றீங்க!"

"இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"காலைல ஓட்டின பிளாங்க்கையே வச்சுக்கன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

மீதியைக் கேட்க அவள் அம்மா இருந்தாள். ரேடியோ ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"வயித்தெரிச்சல்! வேற ஒண்ணுமில்ல. என் மக பேரு எடுக்கக் கூடாது. மிஷினுக்கு மூடி திறக்கிறவளுக்கு ஆராய்ச்சியில என்ன பேச்சு?"

"ஆமா அத்தை, மூடி திறக்கிறவதான். அதனாலதான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்."

பதினோரு வருஷத்தில் முதல் பதில். ரேடியோவுக்கு ஒரு கணம் அலைவரிசை தப்பிப்போனது. சமாளித்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினாள். "கேட்டியாடா? உன் பொண்டாட்டி பேசறதைக் கேட்டியா? நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

லிஃப்டுக்காரன் முட்டையில் ஒட்டியிருந்த கடைசி ஓட்டை நகத்தால் எடுத்தான். நிதானமாக உப்புத் தொட்டான்.

"நாங்க லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணினா, மொதல்ல ஆள் ஏத்தாமத்தான் ஓட்டிப் பாப்போம்மா. காலியா ஓடும்போதே சத்தம் வந்துச்சுன்னா, அது ஏறினவங்க சத்தம் இல்ல."

அந்த வருஷத்திலேயே அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். பேசிவிட்டு முட்டையைச் சாப்பிட்டான்.

டாக்டரம்மா தாள்களை வாரிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மிஷினக்கா கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். "நாளைக்கு ஒரு மணிக்கு வா. இலை வேண்டாம், குப்பி வேண்டாம். வெறுங்கையோட வா."

வருவாளா மாட்டாளா என்று புதன்கிழமை முழுக் காலையும் மிஷினக்காவுக்கு வாசலிலேயே கண். பன்னிரண்டு மணிக்கு மிஷினை நிறுத்தினாள். சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை. ஒரு மணி ஐந்துக்கு வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மாவின் கண் வீங்கியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெறும் சால்வென்ட் மட்டும் நாலு குப்பி. ஓட்டும் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னாள் அண்ணி.

கோடு ஊர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று நிமிஷம் படுத்தே கிடந்தது. ஆறு வந்தபோது இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கடைசி நிமிஷத்தில்கூட, தான் நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்றுதான் மிஷினக்கா நினைத்தாள். ஏழில் கோடு துள்ளி எழுந்து நின்றது. அதே நெற்றி, அதே தோள், அதே சாய்ந்த முதுகு.

இரண்டாவது குப்பியில் குட்டை. மூன்றாவதில் இன்னும் குட்டை. நாலாவது முழங்கால் உயரம்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இந்த டியூப்பைக் கழட்டிட்டா வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"நீங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுல மட்டும்தான்."

"வீட்டுல சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி" என்றாள் டாக்டரம்மா. அந்த நிலைமையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே நின்றது. "அம்மா கண்டுபிடிப்பைத்தான் சொல்லுவாங்க. டியூப்பைச் சொல்ல மாட்டாங்க."

மிஷினக்கா லாக்புக்கை அவள் பக்கம் நகர்த்தினாள். பேனாவை மேலே வைத்தாள். அந்த அறையின் சட்டம் எல்லோருக்கும் தெரியும்: ஓட்டியவர்தான் எழுத வேண்டும்.

"இன்னிக்கு ஓட்டுனது நீ."

அண்ணி எழுந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவ வேண்டிய அவசியமே இல்லாத ஒரு குப்பியைக் கழுவினாள். நாலு வருஷ உழைப்பு, வெள்ளிக்கிழமை மேடை, அம்மாவின் ஒலிபரப்பு, எல்லாம் அந்தப் பேனா முனையில் உட்கார்ந்திருந்தது. எழுது என்று தூண்டிவிட அண்ணிக்கு மனம் வரவில்லை; தூண்டினால் அது தன் பிளாங்க் ஆகிவிடும், டாக்டரம்மாவுடையது ஆகாது. ரொம்ப நேரம் கழித்துப் பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது.

அப்புறம்தான் வந்து படித்தாள். 'மதியம் 1.10. வெறும் சால்வென்ட், நாலு ஓட்டம். ஏழாவது நிமிஷ பீக் டியூப்பிலிருந்து வருகிறது. இலையில் இல்லை.' கீழே முழுக் கையெழுத்து, தேதி.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் மிஷினக்கா.

"இல்ல."

ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பாதி கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அந்த அரங்கத்தில் நிற்க இடமில்லை. மற்றவர் பீக் சரிகிறது என்றால் பார்க்கப் பதினோரு டிபார்ட்மென்டும் வரும். கைடு மேடத்தின் முகம் இறுகிப்போயிருந்தது. முந்தின நாளே அவரிடம் சொல்லிவிட்டார்கள். பின்னால் கதவோரம், ஸ்வெட்டரைக் கழற்ற மறந்து, வியர்த்துப்போய் மிஷினக்கா நின்றாள்.

டாக்டரம்மா முதல் படத்தில் பீக்கைக் காட்டினாள். குழு நிமிர்ந்தது. இரண்டாவது படத்தில் பிளாங்க்கைக் காட்டினாள். அதே பீக். "இது நான் கண்டுபிடித்த பொருள் இல்லை. நான் பிளாங்க் ஓட்டாததைக் கண்டுபிடித்த பொருள்" என்றாள். எங்கோ ஓர் இருமல் கேட்டது. படிக்கட்டை விளக்கினாள், டியூப்பை விளக்கினாள், கடைசியாக உண்மையான இலைத் தாள் என்று, அந்த டியூப்பை மாற்றிவிட்டு முறைப்படி ஓட்டிய நாலு படத்தைக் காட்டினாள். கோடு தேமே என்று படுத்துக் கிடந்தது.

குழுவில் வழுக்கைத்தலைப் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாரம்மா இதைக் கண்டுபிடிச்சது?"

"பொது மிஷின் அறையில இருக்கிற அக்கா, சார். எனக்கு அண்ணி. பிளாங்க் இல்லாம ஓட்ட விட்டதும் அவங்கதான், அதைப் பிடிச்சதும் அவங்கதான்."

அரங்கம் முழுக்கச் சிரித்தது. எல்லாத் தலையும் கதவோரம் திரும்பியது. மிஷினக்காவுக்கு ஸ்வெட்டருக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. "எங்க லேப்லயும் ஏழாவது நிமிஷத்துல ஒண்ணு எழுந்து நிக்குது. ரெண்டு வருஷமா அதுக்குக் காரணம் தேடிட்டிருக்கோம். ஒரு மாணவர் அதைப் பத்திக் கட்டுரையே எழுதிட்டார்" என்றார். எழுந்து கதவோரம் வந்தார். "அம்மா, டியூப் மாத்தின அன்னிக்கு நீங்க எழுதின பக்கம் இருக்கே, அதோட நகல் ஒண்ணு எனக்கு வேணும். எந்தக் கம்பெனின்னும் எழுதியிருக்கீங்களா?"

"கம்பெனி, பேட்ச் நம்பர், நேரம் எல்லாம் இருக்கு சார்" என்றாள் மிஷினக்கா. குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது. உயரட்டுமே.

தீசிஸ் முடியவில்லை. இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்கள், செடியை முதலிலிருந்து பார்க்கச் சொல்லி. டாக்டரம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து, பொது வரிசையில், ஐந்து வாரத்துக்கு அப்புறம் ஒரு ஸ்லாட்டில் தன் பெயரைத் தானே எழுதினாள். கூடவே ஒரு நாற்பது நிமிஷத்தையும். மண்ணுக்காரன் அவளுக்கு முன்னால் இருந்தான். தன் முறையை விட்டுத்தர வந்தான். "வேண்டாம், உங்க மண்ணு இல்லேன்னா நான் இன்னிக்கு மாட்டியிருப்பேன்" என்றாள்.

சனிக்கிழமைக் காலை மாடிப்படியில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இறங்கினார்கள். ரேடியோ என்ன சொல்லப்போகிறது? சும்மா கிடக்கும் என்று நினைத்தவர்கள் ரேடியோவை அறியாதவர்கள்.

"கண்டுபிடிக்கிறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. கண்டுபிடிச்சது இல்லைன்னு கண்டுபிடிக்க ஆளு வேணும்ல? வெளியூர்ப் பேராசிரியரே எந்திரிச்சு நடந்து வந்து என் மருமககிட்ட காகிதம் கேட்டிருக்காரு. என் மக அத்தனை பேர் முன்னாடி நின்னு, தப்பு என்னோடதுதான்னு சொல்லியிருக்கா. உங்க வீட்ல யாராவது சொல்லுவாங்களா?"

தையல்காரர் விவரம் கேட்க உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மிஷினக்கா டீ கொண்டு வந்து வைத்தாள். ரேடியோ ஒரு வாய் உறிஞ்சினாள். பழக்கம் விடுமா?

"என்ன இருந்தாலும் இந்த டீயில சோப்பு..."

"இரு" என்றாள் டாக்டரம்மா.

போய்க் கெட்டிலைக் கொண்டு வந்தாள். அலமாரியில் அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கோப்பை ஒன்றை எடுத்தாள். டீத்தூள் இல்லை, பால் இல்லை, சர்க்கரை இல்லை. வெறும் வெந்நீரை ஊற்றினாள்.

"மொதல்ல இதைக் குடிம்மா."

"இது எதுக்குடி?"

"குடிச்சுத்தான் பாரேன்."

லிஃப்டுக்காரன் செய்தித்தாளை மடித்தான். தையல்காரர் முன்னால் குனிந்தார். ரேடியோ ஒரு வாய் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள். இன்னொரு வாய் குடித்தாள். பார்வை மெல்ல நகர்ந்து, தொட்டியோரத்தில் தான் அழுத்தி அழுத்தித் தேய்க்கிற அந்தச் சோப்புக் கட்டியில் போய் நின்றது.

மிஷினக்கா கோப்பையை வாங்கிக்கொண்டு போய், மூன்று தடவை நன்றாக அலசி, புது டீ ஊற்றி மாமியார் கையில் கொடுத்தாள். ரேடியோ கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அன்று முழுக்க ஒலிபரப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு, இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களை மாடிப்படியில் மடக்கி நிறுத்தி வைத்திருந்தாள்.

"எங்க வீட்டுக்கு டீ குடிக்க வந்தா கையில மொதல்ல வெறும் வெந்நீர்தான் கொடுப்போம். ஏதோ கஞ்சத்தனம்னு நினைச்சுக்காதீங்க. நாங்க ஆராய்ச்சிக் குடும்பம். பிளாங்க் ஓட்டாம எங்க மருமக ஒரு வேலையும் பண்ண மாட்டா."